நாலும் ஐந்தும் ஒரே அறையில்: அறிவியல் பாடத்தை எப்படி நடத்துகிறீர்கள்?

கேள்வி: ஒட்டன்சத்திரம் டீச்சர்

வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார், நாலும் ஐந்தும் என்னிடம். இரண்டும் சேர்த்து 19 பேர், ஒரே அறை. பெற்றோர் பெரும்பாலும் முருங்கைத் தோட்டத்திலும் காய்கறி மார்க்கெட்டிலும் வேலை செய்கிறவர்கள்.

போன வாரம் காற்றுப் பாடம் முடித்தேன். "காற்று இடத்தை அடைத்துக்கொள்ளும், காற்றுக்கு எடை உண்டு" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று அதே ஒரே குரலில் பதில் வந்தது. பாடத்தில் ஒரு காற்று, பாட்டிலுக்குள் வேறொரு உலகம். இரண்டும் சந்திக்கவே இல்லை.

வீடியோ போட்டால் ஆசையாகப் பார்க்கிறார்கள், மறுநாள் கேட்டால் அதில் வந்த பாட்டுதான் நினைவிருக்கிறது. சோதனை செய்து காட்டினாலும் என் முகத்தையே பார்க்கிறார்கள். நான் என்ன பதில் எதிர்பார்க்கிறேன் என்று கண்டுபிடிப்பதுதான் அவர்களுடைய வேலையாக இருக்கிறது.

பள்ளியில் ஆய்வக வசதி கிடையாது. ஒரு பாடவேளை 40 நிமிடம், அதிலும் இரண்டு வகுப்பு. இந்த நிலைமையில் வேலை பார்த்தவர்கள் உங்கள் வகுப்பில் உண்மையிலேயே செய்ததைச் சொல்லுங்கள். அட்டையில் மாதிரி செய்து சுவரில் மாட்டுகிற யோசனைகள் நிறையவே கிடைக்கின்றன, அவை வேண்டாம்.

---

பதில்: புதுக்கோட்டை, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை

டீச்சர், உங்க பிள்ளைங்க "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னது ரொம்ப நல்ல இடம். அங்கேயிருந்து ஆரம்பிங்க. நான் பணிக்காலம் முழுக்கத் தொடக்கப் பள்ளியிலதான் இருந்தேன், அதுல பாதிக்கு மேல உங்களை மாதிரி ரெண்டு வகுப்பை ஒரே அறையில வச்சுக்கிட்டுத்தான். என் அனுபவத்துல உறுதியாச் சொல்ற விஷயம் ஒண்ணுதான்: சோதனையைச் செஞ்சு காட்டறதுக்கு முன்னாடி, என்ன நடக்கும்னு ஒவ்வொரு பிள்ளையும் தன் பேரைப் போட்டுச் சொல்லியாகணும். சொல்லாத பிள்ளைக்கு அது வேடிக்கை. சொன்ன பிள்ளைக்கு அது தன்னோட வழக்கு.

எப்படின்னு அந்தப் பாட்டிலை வச்சே சொல்றேன்.

ஒரு பிளாஸ்டிக் பாட்டில், குழாய் ஒடுங்கலா இருக்கற புனல் ஒண்ணு, கொஞ்சம் சப்பாத்தி மாவு. புனலைப் பாட்டில் வாயில வச்சு, சுத்தி மாவை அப்பி இடைவெளியே இல்லாம அடைச்சிடுங்க. தண்ணி இன்னும் ஊத்தாதீங்க. "இப்ப ஊத்தினா என்ன ஆகும்?"னு கேளுங்க. எல்லாத் தண்ணியும் இறங்கும், கொஞ்சம்தான் இறங்கும், இறங்கவே இறங்காது. இந்த மூணையும் பலகையில எழுதி, எதுக்குக் கீழே தன் பேருன்னு பிள்ளைங்களே எழுதட்டும். செயல்வழிக் கற்றல் வந்த காலத்துல, பிள்ளைங்க உயரத்துக்குச் சுவரோட அடியில கரும்பலகைப் பட்டை அடிச்சாங்களே, பல பள்ளியில அது இன்னும் இருக்கு. உங்க பள்ளியில இருந்தா அதைப் பயன்படுத்துங்க, இல்லேன்னா தரையில சாக்பீஸ் போதும்.

பேரை எழுதினதும் காரணம் கேளுங்க. என் வகுப்புல ஒரு பையன், "தண்ணி கனம், காத்து லேசு. அதனால தண்ணி காத்தை நசுக்கிட்டு உள்ளே போயிடும்"னான். விடை சரியில்ல, ஆனா அந்தக் காரணத்துல ஒரு கணக்கு இருக்கு பாருங்க. அவன் காத்தை ஒரு பொருளா ஏத்துக்கிட்டான், அதை எடை போட்டுப் பார்க்கறான். அதைக் கேட்டதும் ஒரு பொண்ணு, "உள்ளே எதுவும் இல்லேன்னு நீதானே சொன்னே, அப்ப எதை நசுக்கும்?"னு மடக்கினா. அந்த நேரத்துல நீங்க வாயே திறக்கக் கூடாது. சரின்னும் சொல்லாதீங்க, தப்புன்னும் சொல்லாதீங்க. முகத்துலயும் காட்டாதீங்க. உங்க முகத்தைப் படிக்கிற பழக்கம் போகணும்னா, படிக்கறதுக்கு அதுல எதுவும் இருக்கக் கூடாது.

அதுக்கப்புறம் ஒரு பிள்ளை கையால தண்ணியை ஊத்தட்டும், சட்டுனு நிறைய ஊத்தணும். தண்ணி புனல்லயே நிக்கும். ஒரு நிமிஷம் அப்படியே விடுங்க. மாவு அடைச்சிருக்கா, குழாயில ஏதாவது சிக்கியிருக்கான்னு அவங்களே தேடுவாங்க. தேடட்டும். பாட்டிலோட தோள்பட்டையில ஊசியால ஒரு ஓட்டை போட்டுப் பாருங்க, தண்ணி இறங்க ஆரம்பிக்கும். ஓட்டையை விரலால அடைச்சா நிக்கும், எடுத்தா இறங்கும். ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு அந்த ஓட்டைகிட்ட கன்னத்தை வைக்கச் சொல்லுங்க. மெல்லிசா காத்து படும். "டீச்சர், ஊதுது!"ன்னு கத்துவாங்க. ஒண்ணுமில்லாத பாட்டில் எப்படி ஊதும்னு மட்டும் கேட்டுட்டு, நோட்டை எடுக்கச் சொல்லிடுங்க.

நோட்டுல எழுதறது அவங்க சொந்த வார்த்தையா இருக்கணும். "நான் நினைச்சது, நடந்தது, இப்ப நான் நினைக்கறது", மூணே தலைப்பு. நாலாம் வகுப்பு படம் வரைஞ்சு அம்புக்குறி போட்டாப் போதும், ஐந்தாம் வகுப்பு காரணமும் எழுதணும். ஒரே சோதனையில ரெண்டு வகுப்புக்கும் வேலை ஆயிடுது. எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால திருத்தாதீங்க, அதுக்குத் தமிழ்ப் பாடவேளை இருக்கு.

காத்துக்கு எடை உண்டுன்னு சொல்றதையும் வாயளவுல விடாதீங்க. ஒரு லிட்டர் காத்து சுமாரா 1.2 கிராம். வகுப்பறை 20 அடிக்கு 20 அடி, உயரம் 10 அடின்னு வச்சுக்கிட்டா உள்ளே இருக்கற காத்து ஏறக்குறைய 135 கிலோ. மூட்டை தூக்கறவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு 135 கிலோன்னா என்னன்னு தெரியும். ஐந்தாம் வகுப்பு அறையை அளந்து அவங்களே பெருக்கட்டும்.

அடுத்தது, வருஷம் முழுக்க நடக்கிற ஒரு வேலை. நான் ரொம்ப நேசிச்சது இதைத்தான். மைதானத்துல வெயில் படற சமதளமா ஒரு இடம் பார்த்து, தரைக்கு மேல சரியா 1 மீட்டர் நிக்கற மாதிரி ஒரு குச்சியை நடுங்க. செங்குத்தா நிக்குதான்னு பார்க்கக் கொத்தனார் வீட்டுப் பிள்ளைகிட்ட தூக்குக்குண்டு கேளுங்க. வாரம் ஒரு நாள், சத்துணவுக்கு முன்னாடி நிழல் எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் விழுதுன்னு அளந்து குறிக்கணும்.

முதல் நாளே 12 மணியில இருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியில கூழாங்கல் வைக்கச் சொல்லுங்க. 12 மணிக்குத்தான் நிழல் ரொம்பக் குட்டையா இருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க. உங்க ஊர்ல 12.20 வாக்குலதான் அது நடக்கும். நம்ம கடிகாரம் ஓடறது 82.5 பாகை தீர்க்கரேகைக் கணக்குல. நீங்க அதுக்கு ஏறக்குறைய 5 பாகை மேற்கே இருக்கீங்க, ஒரு பாகைக்கு 4 நிமிஷம். இந்தக் கணக்கை நாலாம் வகுப்புக்குச் சொல்லணும்னு இல்ல. கடிகாரம் சொல்ற உச்சிவேளையும் வெயில் சொல்ற உச்சிவேளையும் வேற வேறன்னு கண்ணால பார்த்தாலே பெரிய விஷயம்.

ஜூன்ல பள்ளி திறந்ததும் அளந்தா நிழல் சுமார் 23 சென்டிமீட்டர், அதுவும் தெற்குப் பக்கமா விழும். ஏன்னா அப்ப உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிக்குது. பெரியவங்களே நிறையப் பேர் நம்ப மாட்டாங்க. வாரா வாரம் குறைஞ்சுக்கிட்டே வந்து, ஆகஸ்ட் 25 வாக்குல குச்சிக்கு நிழலே இருக்காது. அப்புறம் வடக்கே நீள ஆரம்பிக்கும், டிசம்பர் கடைசியில 67 சென்டிமீட்டர் வரைக்கும் போகும். இந்த எண்களை முன்கூட்டியே பிள்ளைங்ககிட்ட சொல்லிடாதீங்க. ஜூலைக் கடைசியில, "அடுத்த மாசம் எவ்வளவு இருக்கும்?"னு மட்டும் கேளுங்க. நிழலில்லா நாள் ஏப்ரல் 17, 18 வாக்குலயும் வரும், ஆனா அது தேர்வு நேரம். ஆகஸ்ட்தான் வசதி, மேகம் மட்டும் விலகணும். சூரியனை நேராப் பார்க்கக் கூடாதுன்னு முதல் நாளே கண்டிப்பாச் சொல்லிடுங்க.

"மார்கழியில தெக்கு வாசல் வழியா வெயில் கூடத்துக்கே வருதே, ஏன் ஆத்தா?"ன்னு பாட்டிகிட்ட கேட்டுட்டு வரச் சொன்னேன் ஒரு தடவை. கட்டில் எந்த மாசம் எங்கே போடுவாங்கங்கற வரைக்கும் கேட்டுக்கிட்டு வந்தாங்க. அந்த வீட்டு அறிவையும் நோட்டுல எழுத வச்சேன்.

---

பதில்: ஈரோடு, இடைநிலை ஆசிரியர்

அம்மா சொன்னது அருமை. ஆனால் நடைமுறையையும் பார்க்க வேண்டும். ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு நேரம் கொடுத்தால் பருவத் தேர்வுக்குள் பாடம் முடியாது. தேர்வில் கோடிட்ட இடம் நிரப்புதலும் பொருத்துதலும்தான் வருகிறது. பார்வைக்கு வருகிறவர்களும் பாடக்குறிப்பையும் நோட்டையும்தான் முதலில் கேட்கிறார்கள். அதனால் நான் பாடத்துக்கு ஒரு சோதனை என்று வைத்துக்கொண்டு, 10 நிமிடத்தில் முடிக்கிற மாதிரி தேர்ந்தெடுக்கிறேன்.

காற்றுப் பாடத்துக்கு மெழுகுவர்த்தி சோதனை நன்றாக எடுபடும். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து தண்ணீர் ஏறும். ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு, அது எரிந்து தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் வருகிறது என்று விளக்கிவிடலாம்.

---

பதில்: கரூர், இயற்பியல் ஆசிரியர்

ஈரோடு ஆசிரியருக்கு: சோதனை நல்ல சோதனை, விளக்கம்தான் சரியில்லை. இதை வருத்தத்தோடு சொல்கிறேன். இந்த விளக்கத்தோடு மேல்நிலை வகுப்புக்கு வருகிற பிள்ளைகளிடமிருந்து அதை எடுப்பது எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது.

சுடர் அணையும்போது உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதில்லை, பெரும்பகுதி மிச்சம் இருக்கிறது. எரிந்ததற்குப் பதிலாகக் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகின்றன. தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம் சூடு. சுடரின் சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் தம்ளரின் விளிம்பு வழியாக வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், பிள்ளைகளே சோதிக்கட்டும். தம்ளரைக் கவிழ்க்கிற நொடியில் விளிம்பில் குமிழி வருகிறதா என்று உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் எப்போது வேகமாக ஏறுகிறது, எரியும்போதா, அணைந்த பிறகா என்று கவனிக்கச் சொல்லுங்கள். அதே தம்ளர், அதே அளவு தண்ணீர், ஆனால் ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று. ஆக்சிஜன்தான் காரணம் என்றால் தண்ணீர் அதே உயரத்துக்குத்தானே ஏற வேண்டும்? மூன்று வைத்தால் அதிகமாக ஏறும். புதுக்கோட்டை அம்மா சொன்ன மாதிரி முதலில் பெயரெழுதிச் சொல்ல வைத்துவிட்டு இதைச் செய்தால், 10 வயதுப் பிள்ளை ஒரு தவறான விளக்கத்தைத் தானே தள்ளிவைக்கும். தீக்குச்சியும் தம்ளரும் மட்டும் ஆசிரியர் கையில் இருக்கட்டும், தலைமுடி, சீருடை எல்லாம் சுடரிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

இன்னொன்று. காற்றின் எடையைக் காட்ட, நடுவில் தொங்கவிட்ட குச்சியின் இரு முனையிலும் பலூன் கட்டி ஒன்றை வெடிக்க வைப்பார்கள். வெடித்தால் ரப்பர் துண்டு பறந்துவிடும், அந்த எடையும் சேர்ந்து குறைந்துவிடுவதால் எதையும் நிரூபிக்காது. பலூனின் மேல் ஒட்டுநாடாத் துண்டை ஒட்டி அதன் வழியாக ஊசியால் குத்துங்கள். வெடிக்காமல் மெல்ல இறங்கும், துண்டும் சிதறாது. பலூனை நன்றாக இறுக ஊதியிருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே அமுங்கிய காற்றின் கூடுதல் எடை குச்சியைச் சாய்க்கும்.

---

பதில்: புதுக்கோட்டை, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை

கரூர் சார், மூணு மெழுகுவர்த்தி விஷயம் எனக்கும் புதுசு. ரொம்ப நன்றி.

ஈரோடு தம்பி, நேரம் பத்தாதுன்னு நீங்க சொல்றது நியாயம். தேர்வு கேட்கற விதம்தான் வகுப்பு நடக்கிற விதத்தைத் தீர்மானிக்குது. இதை ரொம்ப முன்னாடியே புரிஞ்சு செயல்பட்ட இடம் ஒண்ணு உண்டு. 1972ல மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் மாவட்டத்துல 16 நடுநிலைப் பள்ளிகள்ல ஒரு அறிவியல் திட்டம் ஆரம்பிச்சாங்க. பிள்ளைங்க சோதனை செஞ்சுதான் பாடம் கத்துக்கணும். தேர்வுக்குப் புத்தகத்தையும் நோட்டையும் எடுத்துட்டே போகலாம், செய்முறையும் உண்டு. புத்தகம் கையில இருந்தா மனப்பாடக் கேள்விக்கு வேலையே இல்லையே. அந்தத் திட்டத்துக்கு வந்து சேர்ந்த பொறியாளர் அரவிந்த் குப்தாதான் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டையும் வச்சு வடிவம் செய்யற முறையைக் கொண்டுவந்தார். 2002ல அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திடுச்சு. எனக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு. ஆனா முப்பது வருஷம் அரசுப் பள்ளியில ஓடின விஷயத்தை முடியாத விஷயம்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

தேர்வை நம்மால மாத்த முடியாது, வகுப்புத் தேர்வு நம்ம கையிலதான் இருக்கு. கோடிட்ட இடம் நாலு வையுங்க, அஞ்சாவதா, "புனல் சோதனையில ஓட்டையை அடைச்சா என்ன ஆகும், ஏன்?"னு ஒண்ணு வையுங்க. நேரத்துக்கும் ஒரு வழி சொல்றேன். எல்லாப் பாடத்துக்கும் ஒரு சோதனைன்னு பங்கு போடாதீங்க. பருவத்துக்கு ரெண்டோ மூணோ பாடத்தை மட்டும் எடுத்து ஆழமாப் போங்க. மிச்சத்தைப் புத்தகத்துல இருக்கறபடி வேகமா நடத்தினா ஒண்ணும் கெட்டுப்போகாது. 10 நிமிஷத்துல முடியற சோதனையில பிள்ளை வாதாடறதுக்கு இடமே இருக்காது, அந்த வாதம்தான் பாடம். நிழல் குச்சிக்கு வாரத்துல 5 நிமிஷம்தான் ஆகும், அதைக் கணக்குப் பாடவேளையில சேர்த்துக்கலாம். நீளம் அளக்கறதும் கட்ட வரைபடமும் கணக்குலயும் வருதே.

பார்வைக்கு வர்றவங்களைப் பத்திச் சொன்னீங்க. பிள்ளைங்க கைப்பட எழுதின "நான் நினைச்சது, நடந்தது" நோட்டை அவங்ககிட்ட நீட்டுங்க. அதைவிட நல்ல பதிவேடு எதுவும் கிடையாது.

---

கேட்டவர்: ஒட்டன்சத்திரம் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. புனல் சோதனையைச் செய்தோம். முதல் பாட்டிலில் தண்ணீர் "களக் களக்" என்று இறங்கிவிட்டது. புனலின் குழாய் அகலம். மருந்துக் கடையில் சின்னப் புனல் வாங்கி வந்து செய்ததும் நின்றது. சுவாரசியம் என்னவென்றால், முதல் பாட்டிலில் தண்ணீர் இறங்கும்போதே குமிழி குமிழியாகக் காற்று மேலே வந்ததை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டாள். "உள்ள இருக்கறது வெளிய வந்தாத்தான் தண்ணி உள்ள போகுது டீச்சர்" என்று ஓட்டை போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். அதனால் இனி அகலமான புனலையும் வேண்டுமென்றே வைத்திருக்கப் போகிறேன்.

அடுத்து, காகிதத்தைத் தம்ளருக்குள் திணித்து வாளித் தண்ணீரில் கவிழ்த்து அமுக்கினோம். காகிதம் நனையவில்லை. அப்போது ஒரு பையன் கேட்டான்: "வாளியில சரி. கிணத்து ஆழத்துக்குக் கொண்டு போனாலும் நனையாதா?" எனக்குப் பதில் தெரியும் என்று தோன்றுகிறது, ஆனால் சொல்லிவிட்டால் அங்கேயே முடிந்துவிடும். பிள்ளைகள் பெயரெழுதிவிட்டார்கள்: நனையும் 11, நனையாது 8. ஊர்க் கிணற்றில் இதைப் பாதுகாப்பாகச் செய்து பார்க்க முடியுமா?

---

பதில்: கரூர், இயற்பியல் ஆசிரியர்

முடியும். பையனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள், மிக நல்ல கேள்வி.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. உள்ளே இருக்கும் காற்று பாதியாக அமுங்கும், பாத்திரத்தில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஏறும். 5 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு ஏறும். மேலே இழுக்கும்போது காற்று மறுபடி விரிந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடும் என்பதால், எவ்வளவு ஏறியது என்று பிறகு தெரியாது. அதற்கு ஒரு வழி: சுவர் நேராக இருக்கும் பிளாஸ்டிக் ஜாடி ஒன்றை எடுத்து, உள்பக்கம் ஒரு நீளக் காகிதப் பட்டையை ஒட்டுங்கள். பட்டையின் முழு நீளத்துக்கும் தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடுங்கள். தண்ணீர் தொட்ட உயரம் வரை மை கலைந்திருக்கும்.

ஜாடியின் வாய் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். அதனால் வாய் விளிம்பைச் சுற்றி மூன்று இடத்தில் சம எடையுள்ள கற்களைக் கட்டுங்கள், கயிறு அடிப்பக்கத்தில் இருக்கட்டும். காற்றுள்ள ஜாடி மிதக்கப் பார்க்கும், ஒரு லிட்டர் ஜாடிக்கு மொத்தம் 2 கிலோ கல்லாவது வேண்டும். முதலில் தொட்டியில் இறக்கிச் சாய்கிறதா என்று பாருங்கள், சாய்ந்தால் காற்று வெளியேறிவிடும். கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு போடுங்கள், தண்ணீர் மட்டத்திலிருந்துதான் முடிச்சை எண்ண வேண்டும்.

கிணற்றடியில் கயிற்றைப் பிடிப்பது பெரியவர் ஒருவர் மட்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் தள்ளி நின்று முடிச்சை எண்ணட்டும், காகிதப் பட்டையை எடுத்து அளப்பது அவர்கள் வேலை. 2, 4, 6 மீட்டர் என்று தனித்தனிப் பட்டையில் எடுத்தால் ஐந்தாம் வகுப்பு அதை வரைபடமாகவே போடலாம். முடிந்ததும் அளவுகளை இங்கே எழுதுங்கள், என் பதினொன்றாம் வகுப்பில் அவற்றை வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறேன்.